உங்க கிணத்துக்கு நீங்கதான் குடிநீர் வாரியம்!

'எங்க கிணத்துத் தண்ணியா? கல்கண்டு! ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க!'

இப்படிப் பெருமையடிக்காத கிணற்றுச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா? நான் பார்த்ததில்லை. ஏன்னா, நானே அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான்.

கும்பகோணம் பக்கம் எங்க ஊர். தாத்தா காலத்தில் தோண்டிய உறைகிணறு. காபிக்கு அந்தத் தண்ணிதான் வேணும்னு பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தோடு வருவார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்தால்கூட, அப்பா முதலில் நீட்டுவது ஒரு செம்புத் தண்ணிதான். 'எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு, அவங்க முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

2018-ல் அண்ணன் பையனுக்கு மஞ்சள் காமாலை. ஆறு வயசுக் குழந்தை, பாதியாக இளைத்துப் போனான். அவன் தேறி எழுந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அண்ணிக்கு டைபாய்டு. டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'வீட்டில் குடிக்கிற தண்ணி எங்கேயிருந்து?'

அண்ணன் வந்து அதைச் சொன்னதும் அப்பாவுக்கு வந்ததே கோபம்! 'அறுபது வருஷமா இந்தத் தண்ணியைக் குடிச்சு யாருக்கு என்ன ஆச்சு? கிணத்தை மட்டும் குத்தம் சொல்லாதே!' ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அப்பாவுக்குத் தெரியாமல்தான் பாட்டிலில் தண்ணி பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தது. மலத்தில் இருக்கிற ஈ-கோலி கிருமி, எங்க கல்கண்டுத் தண்ணியில்!

உடனே எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம். அவர் புதுசாக கக்கூஸ் கட்டியிருந்தார். அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தார். அவங்க குழி எழுபது அடி தள்ளி இருந்தது. பதினெட்டே அடியில் இருந்தது... எங்க வீட்டுக் குழி! அம்மாவுக்கு மூட்டுவலி, கொல்லைக் கோடிவரை நடக்க முடியவில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவே ஆசை ஆசையாகக் கட்டியது.

காமாலையும் டைபாய்டும் அந்தக் கிணத்திலிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பள்ளிக்கூட வாசலில் விற்கிற ஐஸாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒண்ணு மட்டும் நிச்சயம். அந்தக் கிணத்து விஷயத்தில் நாங்கள் மூன்று வருஷம் ருசியை நம்பி ஏமாந்திருக்கிறோம்.

நாக்கு ஒரு பரிசோதனைக்கூடம் இல்லை!

ருசியை நம்பி மோசம் போனவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 1854-ல் லண்டனில் பிராட் தெரு என்று ஓர் இடம். அங்கே ஒரு கிணத்துப் பம்பு. அதன் தண்ணிக்கு அவ்வளவு நல்ல பேர். அந்தப் பேட்டையை விட்டு ஹாம்ப்ஸ்டெட்டுக்குக் குடிபோன ஒரு விதவை அம்மாள், அந்த ருசியை விட முடியாமல், தினமும் வண்டியில் தண்ணி வரவழைத்துக் குடித்தார். காலரா வந்தபோது அவரும் இறந்தார், அந்தத் தண்ணியைக் குடித்த அவருடைய சொந்தக்காரப் பெண்ணும் இறந்தார். ஹாம்ப்ஸ்டெட் பக்கம் காலராவே இல்லாத நேரம் அது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் இதையெல்லாம் துருவி விசாரித்துத்தான், காலரா தண்ணியில் வருகிறது என்று அடித்துச் சொன்னார். பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிறகு தோண்டிப் பார்த்தால், கிணத்திலிருந்து மூன்று அடிகூடத் தள்ளி இல்லாமல் ஒரு வீட்டுக் கழிவுக்குழி! வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் துணி அலசிய தண்ணியை அதில்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த அம்மாளின் நாக்கு பொய் சொல்லவில்லை. தண்ணி ருசியாகத்தான் இருந்தது. கிருமிக்கு ருசி கிடையாது, அவ்வளவுதான்.

சில விஷயங்களை நம் கண்ணும் நாக்கும் சொல்லிவிடும், ஒப்புக்கொள்கிறேன். சோப்பு நுரைக்கவில்லையா, பருப்பு வேகவில்லையா, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா... தண்ணி கடினமானது. பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறுகிறதா... இரும்புச் சத்து ஜாஸ்தி. கரிக்கிறதா... உப்பு. இவையெல்லாம் பெரும்பாலும் தொந்தரவுகள்தான். கடினத் தண்ணிக்கு உடல்நலத்தை வைத்து எந்த வரம்பையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை.

ஆனால் ஆளைப் படுக்க வைக்கிற ஆசாமிகள் வேறே. கிருமி, நைட்ரேட், ஃப்ளோரைடு! இவங்களுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. பளிங்கு மாதிரித் தண்ணிக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

'கொதிக்க வைச்சுக் குடிச்சாப் போச்சு!'

இல்லத்தரசிகள் பலரும் சொல்லும் பதில் இது. பாதி சரி. தண்ணி தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆனால், நோய் தரும் கிருமிகள் செத்துப்போகும். காமாலை, டைபாய்டு, காலராவுக்கு இது நல்ல காவல்.

மீதிப் பாதி? நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் கொதித்தால் போகாது. ஆவியாகப் போவது தண்ணி மட்டும்தான். மிச்சமிருக்கிற தண்ணியில் அவை முன்னைவிடச் செறிவாகத்தான் இருக்கும்.

நைட்ரேட் எங்கேயிருந்து வருகிறது? வயலில் போடுகிற யூரியா, மாட்டுக் கொட்டகை, எருக்குழி, கக்கூஸ் குழி. பெரியவங்களைவிட, ஆறு மாசம்கூட ஆகாத பச்சைக்குழந்தைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற வேலையை இது கெடுத்துவிடும். குழந்தை நீலம் பாரித்துப் போகும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற டாக்டர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அந்தக் குழந்தைகளுக்குப் பால் கலந்தது, வீட்டுக் கிணத்துத் தண்ணியில்! அதனால் கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை. பவுடர் பால்தான் கொடுக்க வேண்டிய நிலை என்றால், நைட்ரேட் பார்க்காத கிணத்துத் தண்ணியில் கலக்காதீங்க. கொதிக்க வைத்திருந்தாலும் கலக்காதீங்க.

ஃப்ளோரைடு வேறு கதை. இது யாரும் கொட்டிய கழிவு இல்லை, பாறையிலிருந்தே கரைந்து வருவது. 1937-லேயே, அன்றைய மெட்ராஸ் ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பல்லில் காவி படிந்த மாதிரிக் கறையோடு எத்தனை பேர்! அளவுக்கு மேல் வருஷக்கணக்கில் உள்ளே போனால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணி கொண்டுவர 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் நோய் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் விற்க வருகிறவரிடம் ஜாக்கிரதை!

'அதெல்லாம் எதுக்கு? ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டிட்டாப் போச்சு' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

விற்க வருகிற தம்பி என்ன செய்கிறார்? பேனா மாதிரி ஒரு கருவியை உங்க தண்ணியில் முக்குவார். 'டி.டி.எஸ். 640! ஐயோ, இதையா குடிக்கிறீங்க?' என்பார். அந்தக் கருவி அளப்பது, கரைந்திருக்கிற உப்புக்களின் மொத்தக் கணக்கு மட்டும்தான். அதுவும் தண்ணியில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு லிட்டரில் இரண்டு மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தால் அது அளவுக்கு மீறியது. ஆனால் 640-க்குள் அந்த இரண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பேனா சொல்லுமா? அதே போல, 150 காட்டுகிற தண்ணியில் சாக்கடை கலந்திருக்கவும் கூடும்.

அடுத்து ஒரு மாஜிக் காட்டுவார். இரண்டு டம்ளர். ஒன்றில் உங்க கிணத்துத் தண்ணி, இன்னொன்றில் மெஷின் தண்ணி. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். உங்க டம்ளர் மட்டும் ஒரு நிமிஷத்தில் சாக்கடை நிறம்! வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். உண்மை என்ன? அந்த அழுக்கு தண்ணியிலிருந்து வரவே இல்லை. இரும்புக் கம்பிதான் கரண்டில் கரைந்து துருவாக வருகிறது. மெஷின் தண்ணியில் உப்பு கம்மி, கரண்ட் ஓடாது, அதனால் நிறம் மாறவில்லை. அடுத்த முறை அந்தத் தம்பி வந்தால், மெஷின் தண்ணியில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். மாஜிக் அதிலும் நடக்கும்!

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு அதிகமுள்ள தண்ணிக்கு ஆர்.ஓ. உதவும்தான். ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா? என்ன நோய் என்று தெரிந்த பிறகுதானே மருந்து? கிருமி மட்டும்தான் பிரச்னை என்றால், அடுப்பும் பாத்திரமும் போதும். ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி, ஒரு குடம் தண்ணிக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை.

எங்கே, எப்படிப் பரிசோதிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் தனியார் கிணத்துத் தண்ணியையும் பார்த்துக் கொடுப்பார்கள். சென்னை கிண்டியில் 1899-லிருந்து இருக்கிற கிங் இன்ஸ்டிடியூட்டிலும் தண்ணிப் பரிசோதனை உண்டு. மெஷின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகைப் பரிசோதனை உண்டு. ரசாயனம் ஒன்று, கிருமி ஒன்று. இரண்டும் வேணும்னு வாய்விட்டுக் கேட்கணும். ரசாயனம் மட்டும் பார்த்துவிட்டு 'தண்ணி ஏ ஒன்' என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். அதே கிணத்துத் தண்ணியால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் வீட்டுப் பாட்டில் உதவாது. கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். அதை அலசக் கூடாது. மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. மோட்டாரை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, குழாய் வாயைத் தீயால் சூடுகாட்டிவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கணும். பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு தண்ணி எடுத்துக்கொண்டு போவது, மாத்திரை போட்டுக்கொண்டு ஜுரம் பார்க்கிற மாதிரி!

ரிப்போர்ட் வந்ததும் இந்திய தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் வருஷத்து வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராமில் ஃப்ளோரைடு 1 வரை நல்லது. வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. மொத்த உப்பு 500, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. கடினத்தன்மை 200, வழியில்லை என்றால் 600. ஈ-கோலி? 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது!

வீட்டிலேயே கிருமிக்கு ஒரு முதல் சோதனையும் உண்டு. 1982-ல் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த எளிய முறை. மருந்து தடவிய காகிதம் உள்ள சின்ன பாட்டிலில் தண்ணியை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். கறுத்துப் போனால் சந்தேகம். உடனே பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். கறுக்கவில்லை என்றால் கிருமி மட்டும்தான் அநேகமாக இல்லை. நைட்ரேட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் கிருமி தெரியும், கோடையில் தண்ணி வற்றும்போது உப்புகள் தெரியும். வெள்ளம் கிணத்துக்குள் புகுந்தாலோ, கிணத்தை ஆழப்படுத்தினாலோ, பக்கத்தில் புதுக் குழி வந்தாலோ, வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றாலோ, வருஷம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கெட்ட ரிப்போர்ட் வந்தால்?

பயப்படாதீங்க. கிணத்தை மூடவும் வேண்டாம். முதலில் கிணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கழிவுக்குழி குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி, தள்ளி இருக்கிறதா? கைப்பிடிச் சுவர், சுற்றிலும் சிமென்ட் தளம், தண்ணி வழிந்தோட வாய்க்கால், மேலே மூடி... இருக்கிறதா? ஆளுக்கொரு வாளியும் கயிறும் தரையில் கிடந்து கிணத்துக்குள் போகிறதா?

கிருமிக்கு பிளீச்சிங் பவுடர். கண்ணளவாகக் கொட்டாதீங்க. உறையின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணி நிற்கிற ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணி என்றால் சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். ஆக, எடை பார்த்து 24 கிராம். வாளியில் குழைத்து, தண்ணி ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய வைத்து, தெளிந்த தண்ணியை மட்டும் கிணத்தில் விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடணும். இரவில் போட்டுவிட்டால் காலையில் இறைக்கலாம். ரொம்ப நாள் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. ஆனால் குழி பக்கத்திலேயே இருக்கிறவரை, எத்தனை தடவை போட்டாலும் கிருமி திரும்ப வரும். ரசாயனக் கோளாறு என்றால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணி. குளிக்க, துவைக்க கிணறு இருக்கவே இருக்கிறது.

இனி ஒரு கேள்வி. ஊராட்சிக் குழாயில் கெட்ட தண்ணி வந்தால் குடத்தோடு ரோட்டில் உட்காருகிறோம். சண்டை போட அங்கே ஓர் அதிகாரி இருக்கிறார். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கு அதில் இருக்கிறது. யாரோ கிணறு கிணறாகப் போய்ப் பார்த்ததால்தானே அந்த எண் கோர்ட் வரை வந்தது? உங்க வீட்டுக் கிணத்தை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அதற்கு வாரியமும் நீங்கதான், இன்ஜினீயரும் நீங்கதான், புகார்ப் பெட்டியும் நீங்கதான்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். 'தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும்' என்றால் மட்டும் போதாது. இந்த வருஷத்து ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். குடி வருகிறவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

எங்க வீட்டில் என்ன ஆச்சு? அப்பாவே முன்னின்று அந்தக் குழியை மூடி, வாசல் பக்கம் தூரத்தில் வேறு கட்டினார். பிளீச்சிங் பவுடர் போட்டு, இரண்டு தடவை பரிசோதித்த பிறகுதான் மூன்றாவது ரிப்போர்ட் நல்லதாக வந்தது. அது இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது. வருஷா வருஷம் தை மாசம் புதுசு வாங்கி வைக்கிறார்.

விருந்தாளி வந்தால் இன்னமும் செம்புத் தண்ணி நீட்டுகிறார். ஆனால் 'எப்படி இருக்கு?' என்று கேட்பதில்லை. பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை நீட்டி, 'படிச்சுப் பாருங்க, அப்புறம் குடிங்க' என்கிறார்.

உங்க பீரோவில் அந்தக் காகிதம் இருக்கிறதா?